நோன்புக் கஞ்சியும் கொல்லிமலைச் சாமையும்

நாளிதழை ஆண்கள் படித்து முடித்து மடித்து வைத்த பிறகே அது பெண்கள் கைக்கு வரும் வீடுகள் நம்மிடையே பல. அதில் ஒரு நன்மையும் உண்டு. தலைப்புச் செய்திகளின் பரபரப்பு அதற்குள் ஆறிப் போயிருக்கும். உள்பக்கங்களின் மூலையில் ஒதுங்கிக் கிடக்கும் சிறு செய்திகளை நிதானமாகப் படிக்கலாம். அடுப்படிக்கு வேண்டிய செய்திகள் பெரும்பாலும் அந்த மூலைகளில்தான் இருக்கின்றன.

அவ்வாறு படித்தவற்றுள் சிலவற்றை நினைவிலிருந்து அடுக்கிப் பார்க்கிறேன். 2018இல் மத்திய அரசு கேழ்வரகு, கம்பு, தினை, சாமை முதலியவற்றுக்கு ‘ஊட்டச்சத்துத் தானியங்கள்’ என்று புதுப்பெயர் சூட்டியது. 2021இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானத்தின்படி 2023ஆம் ஆண்டு அனைத்துலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. அதே ஆண்டில் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது.

இவற்றையெல்லாம் கேட்க என் நன்னி உயிரோடு இருந்திருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பார்.

பழைய தானியம், புதிய விலை

நன்னியின் ஊர் கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலம். மலையிலிருந்து தலைச்சுமையாக இறங்கிவரும் சாமையை அவர் படியால் அளந்து வாங்குவாராம். மழை பொய்த்த ஆண்டுகளில் அதுவே இருவேளை உணவு. ஆனால் விருந்தாளி வரும் செய்தி எட்டியவுடன் சாமைப் பானை அடுப்பிலிருந்து இறங்கிப் பின்கட்டுக்குப் போய்விடும். பக்கத்து வீட்டில் கடன் வாங்கியாவது நெல்லரிசிச் சோறு வடிக்கப்படும். சாமை உண்பது வறுமையின் அடையாளம், அரிசி உண்பது கௌரவத்தின் அடையாளம் என்று ஒரு தலைமுறையே நம்பியிருந்தது.

இன்று நாங்கள் குடியிருக்கும் சென்னையில் அதே சாமை, கண்ணாடிக் கதவு போட்ட கடையில், வண்ணப் பையில், குளிரூட்டப்பட்ட காற்றில் அமர்ந்திருக்கிறது. நான் வாங்கிய அன்று அதன் விலை நல்ல பொன்னி அரிசியைப் போல இரு மடங்குக்கும் அதிகம். வீட்டில் சர்க்கரை நோய் நுழைந்த பிறகு, மருத்துவர் சொன்னதற்காக அதை வாங்குகிறோம். நன்னி மறைத்து வைத்த பானையை நாங்கள் விருந்தாளிகளுக்குப் பெருமையாகக் காட்டுகிறோம்!

இந்த மாற்றத்தை எண்ணி வியப்பதோடு நின்றுவிடலாமா? இந்த விலையில் எத்தனை பங்கு அதை விளைவித்த கைகளுக்குப் போகிறது என்ற கேள்வி என்னை விடவில்லை.

எழுபது வளைவுகளுக்கு அப்பால்

நாமக்கல் என்றதும் முட்டையும் லாரியும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான அந்நாமக்கல்லின் ஓரத்தில் எழுந்து நிற்கிறது கொல்லிமலை. சங்க காலத்தில் வல்வில் ஓரி ஆண்ட மலை. காரவள்ளியிலிருந்து ஏறினால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். மேலே சென்றால் ஊர்களை ‘நாடு’ என்றே அழைக்கிறார்கள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, திருப்புலி நாடு எனப் பதினான்கு ஊராட்சிகள். அங்கு வாழ்வோர் பெரும்பாலும் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள். பெயரைக் கொண்டு கேரளத்தவர் என மயங்க வேண்டாம். மலையை ஆள்வோர் என்று பொருள் கூறுவர். பேசுவது தமிழ்தான்.

சேந்தமங்கலத்து உறவினர் வீட்டுத் திருமணத்துக்குச் சென்ற ஒரு முறை, மிளகு வாங்கும் சாக்கில் திருப்புலி நாடு வரை போனோம். சரிவெங்கும் மிளகுக் கொடி, வாழை, பலா, இடையிடையே காப்பி. சமமான நிலங்களில் மரவள்ளி. சாமை எங்கே என்று தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு வீட்டு முற்றத்தில் வயது முதிர்ந்த பெண்மணி ஒருவர் முறத்தில் சாமை புடைத்துக் கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன்.

“ஏம்மா, உங்க பட்டணத்துல இதை என்ன விலைக்கு விக்கிறாங்க?” என்று அவரே கேட்டார். நான் சொன்ன விலையைக் கேட்டதும் முறம் நின்றுவிட்டது.

“அம்மா, அப்படியானால் நீங்கள் ஏன் இதையே நிறையப் பயிரிடக் கூடாது?” என்றேன்.

“பயிர் பண்ணலாம்மா. யாரு குத்துறது? இந்தத் தோளு குத்துனது போதும். என் மருமகளையும் குத்தச் சொல்ல எனக்கு மனசு வரல. பேரப்பிள்ளைங்க ரேஷன் அரிசிச் சோறுதான் கேக்குதுங்க. கெழங்கு வித்தா காசு வருது, அதுல பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறோம்.”

நகரத்தில் நான் கேட்ட சிறுதானியச் சொற்பொழிவு எதிலும் இந்த ஒரு வாக்கியம் இடம்பெறவில்லை. யார் குத்துவது?

உலக்கையின் கணக்கு

சாமை மிகச் சிறிய மணி. அதன் உமி, நெல்லின் உமியைப் போல எளிதில் பிரிவதில்லை. நெல்லுக்காகச் செய்யப்பட்ட அரைவை இயந்திரத்தில் அதைப் போட்டால் பாதி நொய்யாகிவிடும், பாதி உமியோடு வெளிவரும். ஆகவே உரலிலிட்டுக் குத்துவதும், புடைப்பதும், மீண்டும் குத்துவதுமாக மணிக்கணக்கில் உழைத்தால்தான் ஒருவேளைச் சோற்றுக்கான அரிசி தேறும். அந்த உழைப்பு முழுவதும் பெண்களுடையது. அதற்குக் கூலி கிடையாது, கணக்கும் கிடையாது.

சாமையின் நன்மைகளும் உண்மைதான். மழையை மட்டும் நம்பி மேட்டுச் சரிவில் விளையும். உமியோடு வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. ஒரே சாமையில் எத்தனை வகை! சடஞ்சாமை, மல்லியச்சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை எனப் பெயரிட்டு, மண்ணுக்கும் மழைக்கும் ஏற்றபடி விதைத்தவர்கள் அம்மக்கள். இந்த அறிவும் விதைத் தேர்வும்கூடப் பெரிதும் பெண்களின் நினைவில் இருந்தவை.

ஜவ்வரிசி சொல்லும் கதை

மரவள்ளி அந்த மலையேறியது ஏன் என்பதை நாளிதழ்ச் செய்தி எனக்குச் சொல்லவில்லை. ஊர் திரும்பிய பிறகு எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில்தான் அதைத் தேடிப் படித்தேன். செய்தித்தாள் விலையைச் சொல்லும். காரணத்தை அறிய நூலகத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

‘ஜாவா அரிசி’ என்பதே ஜவ்வரிசி ஆயிற்று என்பர். முன்பு அது கீழ்த்திசைத் தீவுகளிலிருந்து கப்பலில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் கப்பல்கள் நின்றன. அப்போது, 1940களின் தொடக்கத்தில், சேலத்து வணிகர்கள் மரவள்ளிக் கிழங்கு மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழிலைத் தொடங்கினர். கிழங்கைத் தோலுரித்து, அரைத்து, பாலை வடித்து, மாவைத் தொட்டிகளில் தெளியவைத்து, மணிகளாக உருட்டி, வறுத்துக் காயவைப்பார்கள். தொழில் பெருகியது. 1981இல் உற்பத்தியாளர்களுக்காகச் சேலத்தில் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. 2023இல் சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடும் பெற்றது. ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். மலையோருக்குக் காசு வேண்டும். சாலை வந்தது, லாரி வந்தது, சாமைக் கொல்லைகள் கிழங்குக் கொல்லைகளாயின. 2008இல் நியாயவிலைக் கடையில் ஒரு ரூபாய்க்கு வந்த அரிசி, 2011முதல் விலையின்றியே வந்தது. பசி தணிந்தது என்பதை மறுக்க முடியாது. உரலுக்கும் ஓய்வு கிடைத்தது.

இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு என் சமையலறையை நினைத்துக் கொண்டேன். பெருநாளன்று நம் வீடுகளில் கொதிக்கும் பாயசத்தின் ஜவ்வரிசி எந்த மலைச்சரிவின் கிழங்கோ! அந்த மலைக்கும் நமக்கும் தொடர்பில்லை என்று எப்படிச் சொல்வது?

இதற்காக மரவள்ளியை வெறுக்கவும் வேண்டியதில்லை. அந்தப் பெண்மணியின் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது அதுதான். ஆனால் விலை வீழ்ந்த ஆண்டில் கிழங்கை மட்டும் நம்பிய வீட்டுக்கு வேறு போக்கிடம் இல்லை. சாமைக் குதிர் நிறைந்திருந்த வீட்டுக்குச் சோறேனும் இருந்தது.

வழி ஒன்று உண்டு என்பதையும் நூலகத்தில் படித்தேன். 1988இல் சென்னையில் தொடங்கப்பட்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1990களிலிருந்து கொல்லிமலையில் இம்மக்களோடு சேர்ந்து பணியாற்றியது. அழிந்துவரும் வகைகளைக் காக்க ஊர்தோறும் விதை வங்கிகள் அமைக்கப்பட்டன. சிறுதானியத்துக்கென்றே செய்யப்பட்ட உமி நீக்கும் இயந்திரங்கள் மகளிர் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டன. மாவாகவும் சத்துணவுக் கலவையாகவும் விற்க அவர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. சாமையின் சிறப்பைப் புகழ்வதோடு நில்லாமல், ‘யார் குத்துவது?’ என்ற கேள்விக்கு விடை தேடியதுதான் இதன் சிறப்பு. அந்த இயந்திரம் எட்டாத முற்றங்கள் இன்னும் இருக்கின்றன. நான் கண்டது அவற்றுள் ஒன்று.

நூலகம் யாருடையது?

நூலகம் என்றதும் அது ஓய்வுபெற்ற பெரியவர்கள் நாளிதழ் புரட்டும் இடம் என்ற எண்ணம் நம் வீட்டுப் பெண்களிடம் இருக்கிறது. அது நமக்கும் உரியது. 1948இல் இயற்றப்பட்ட சென்னை பொது நூலகச் சட்டத்தின்படி, நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலிக்கப்படுகிறது. பணம் கொடுத்தவர் பொருளை வாங்காமல் வருவது எந்தக் கடையிலும் வழக்கமில்லையே!

அச்சட்டத்துக்கு முன்பே, 1931இல், மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்ற பெருமகனார் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் அம்முயற்சிக்குத் துணை நின்றார். அதற்கும் முன்பே, 1850இல், சென்னை திருவல்லிக்கேணியில் முகமதியன் பொது நூலகம் தோன்றியது. வழிபாட்டுக்கு அடுத்தபடி வாசிப்புக்கு இடம் ஒதுக்குவது நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு அருளப்பெற்ற முதல் வஹீயே ஓதுதலையும் எழுதுகோலையும் குறித்தது. பத்ருப் போர்க் கைதிகளுள் எழுத்தறிந்தோர், முஸ்லிம் சிறுவர்க்கு எழுதப் படிக்கக் கற்பித்து விடுதலை பெற்ற வரலாறும் நாம் அறிந்ததே.

கிராம ஊராட்சிகளில் நூலகங்கள் அமைக்க 2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் பல கட்டடங்கள் எழுந்தன. சில ஊர்களில் அவை பூட்டியே கிடப்பதைப் பயணங்களில் கண்டிருக்கிறேன். கட்டடம் ஒருமுறை செய்யும் செலவு. காலையில் கதவைத் திறக்கும் ஒருவரை வைத்துக்கொள்வதுதான் நாள்தோறும் செய்ய வேண்டிய கடமை. விதை வங்கிக்கும் இதுவே நியதி. ஆண்டுதோறும் விதைத்து, அறுத்து, புது விதையைத் திருப்பி வைக்காவிட்டால் பானையில் இருக்கும் விதை முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும்.

நம்மால் ஆவது

அண்ணலாரின் இல்லத்தில் மாதக்கணக்கில் அடுப்பெரியாமல் பேரீச்சம்பழமும் தண்ணீருமே உணவாக இருந்ததுண்டு என்றும், வாற்கோதுமை ரொட்டியைக்கூடத் தொடர்ந்து வயிறார உண்டதில்லை என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக அறிகிறோம். எளிய தானியம் இழிவானதன்று என்பதற்கு இதைவிட நமக்கு வேறு சான்று எதற்கு?

எங்கள் வீட்டில் சென்ற ரமலானில் வாரம் ஒரு நாள் நோன்புக் கஞ்சியைச் சாமையில் காய்ச்சினோம். பச்சரிசிக்குப் பதில் சாமை. மற்றபடி அதே பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி, தேங்காய்ப்பால். சாமை சீக்கிரம் வெந்துவிடுவதால் தண்ணீரைச் சற்று அதிகம் வைத்து, அடிபிடிக்காமல் கிளற வேண்டும். முதல் நாள் சின்னவன் முகம் சுளித்தான். மூன்றாம் வாரம் இரண்டாவது கோப்பை கேட்டான். பிள்ளைகளின் அத்தா, “சர்க்கரைக்காரனுக்குத் தனிப் பானை வைக்காமல் எல்லோரும் ஒரே பானையில் குடிப்பதே பெரிய மருந்து” என்றார்.

நான் கேட்டுக் கொள்வது பெரிதொன்றுமில்லை, சகோதரிகளே. சாமை வாங்கும்போது மலைவாழ் மகளிர் குழுக்களின் பொருள் கிடைக்கிறதா என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். விலையில் ஒரு பங்கேனும் உரியவர் கைக்குப் போகும். ஜமாஅத்தார் ரமலானில் ஒரு நாளேனும் பள்ளிவாசல் கஞ்சியைச் சிறுதானியத்தில் காய்ச்சலாம். பேரளவில் வாங்குவோர் இருந்தால்தான் மலையில் இயந்திரங்கள் ஓடும். உங்கள் மகளின் பெயரில் கிளை நூலகத்தில் ஓர் உறுப்பினர் அட்டை வாங்கிக் கொடுங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு பொட்டலம் பிஸ்கட்டின் விலையை ஒட்டியதுதான்.

உண்ணும் முன் பிஸ்மில்லாஹ் சொல்கிறோம். உண்டபின் அல்ஹம்துலில்லாஹ் சொல்கிறோம். இவ்விரண்டுக்கும் இடையில் உள்ள அந்தச் சில நிமிடங்களில், இதை விதைத்தவர் யார், குத்தியவர் யார் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தால், உழைத்தவருக்கு உரியதைக் கொடுக்கும் மனம் தானாக வரும், இன்ஷா அல்லாஹ்.