இரண்டு அங்குலம் கீழே

2023 அக்டோபர் இறுதியில் மும்பையின் கடைசி பிரீமியர் பத்மினி டாக்ஸி ஓட்டத்தை நிறுத்தியது. அங்கே வாடகைக் காருக்கு 20 ஆண்டுதான் ஆயுள். 2003 அக்டோபர் 29இல் பதிவான வண்டியோடு கணக்கு முடிந்தது. செய்தித்தாள்கள் அதை ஒரு காரின் மறைவாகவே எழுதின. ஆனால் டாக்ஸி போனதே தவிர, கார் போகவில்லை. அதை இன்னும் பிரித்துச் சேர்க்கும் கைகள் சேலம், நாமக்கல் சமவெளியில் இருக்கின்றன. அங்குள்ள வெண்ணந்தூர் விசைத்தறி ஊர். தறியின் கிராங்கும் பல்சக்கரமும் தேய்ந்தால் கடைந்து கொடுக்க லேத் வேண்டும்; நாமக்கல்லின் லாரி பாடி வேலையும் திருச்செங்கோட்டின் ரிக் வண்டி வேலையும் எட்டும் தூரத்தில் இருப்பதால், வெல்டிங்குக்கும் ஃபிட்டிங்குக்கும் இந்தப் பக்கத்தில் ஆள் பஞ்சமில்லை. இங்குள்ள ஒரு பட்டறையில் பழைய பத்மினியின் எஞ்சினைத் தாழ்த்தி உட்கார வைக்கும் வேலையைப் பார்த்த பிறகு, அதைப் பற்றிப் பரவலாக இருக்கும் எண்ணம் தலைகீழானது என்றே நினைக்கிறேன். எஞ்சின் தாழ்வதால் காருக்குக் கிடைக்கும் நன்மை சிறியது. தாழ்ந்த எஞ்சினுக்கு மற்ற உறுப்புகளை ஒத்துவரச் செய்யும் அளவு வேலைதான் பெரியது. கூலியும் சரி, சட்டமும் சரி, சிறியதை மட்டும் பார்க்கின்றன.

நன்மை சிறியது என்பதற்குக் கணக்கே சாட்சி. பத்மினியின் எடை ஏறக்குறைய 900 கிலோ. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்து 150 கிலோ என்று வைத்துக்கொண்டு, அவற்றை 50 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம் தாழ்த்தினால், முழுக் காரின் எடைமையம் இறங்குவது எட்டு மில்லிமீட்டர்தான். அந்த மையம் தரையிலிருந்து 550 மில்லிமீட்டரில் இருந்ததாகக் கொண்டால், புவியீர்ப்பில் பாதி அளவு பக்கவிசை வரும்படி ஒரு வளைவில் திரும்பும்போது, உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறும் பாரம் சுமார் 201 கிலோ. எஞ்சினைத் தாழ்த்திய பின் அது 198 கிலோ. அந்த மூன்று கிலோ வித்தியாசத்தை ராசிபுரம் சாலையில் ஓட்டும் எவரும் உணரப்போவதில்லை. வண்டி தரையோடு ஒட்டிக்கொண்டு ஓடும் என்று விற்பவர்கள் சொல்வது இந்த எட்டு மில்லிமீட்டரை நம்பித்தான்.

பந்தயக் களத்தில் நியாயம் வேறு. 1957இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில், ஜார்ஜ் சாலி என்பவர் எஞ்சினை ஏறக்குறைய படுக்க வைத்துக் கட்டிய கார் வென்றது. அதே கார் மறு ஆண்டும் வென்றது. பந்தயக் காரின் மொத்த எடையில் எஞ்சினின் பங்கு பெரிது, வேகமும் பெரிது. அங்கே அங்குலத்துக்கு விலை உண்டு. நம் பக்கத்திலும் சோழவரம் விமானத் தளத்தில் ஃபியட்டையும் ஹெரால்டையும் திருத்தி ஓட்டிய காலம் உண்டு. மாருதி 800இன் 796 சிசி எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார் கோவையின் கரிவரதன். நாராயண் கார்த்திகேயன் பந்தயத்துக்குள் நுழைந்தது அந்த ஃபார்முலா மாருதியில்தான். அந்த மரபின் மீதான ஆசை பத்மினிக்காரர்களிடமும் இருக்கிறது. ஆனால் பட்டறைக்கு வண்டி வரும் காரணம் பெரும்பாலும் எளியது. 1089 சிசி பழைய எஞ்சின் தேய்ந்துவிட்டது, பிரீமியரின் 118 என்.இ. காரின் நிசான் வழி எஞ்சினையோ வேறொன்றையோ ஏற்றவேண்டும். புதிதாக வரும் எஞ்சினின் ஏர் கிளீனர் பானெட்டை இடித்தால் இரண்டே வழி: பானெட்டை வெட்டி மேலே ஒரு புடைப்பு வைப்பது, அல்லது எஞ்சினைக் கீழே கொண்டுபோவது. முதலாவது முகத்தைக் கெடுக்கும். இரண்டாவது கடினம்.

கடினம் சம்பில் தொடங்குகிறது. எஞ்சினின் அடியில் தொங்கும் இந்த ஆயில் பாத்திரம்தான் குறுக்குச் சட்டத்திலும் ஸ்டீயரிங் கம்பிகளிலும் முதலில் முட்டும். அதைச் சும்மா வெட்டிக் குட்டையாக்கினால் ஆயில் கொள்ளளவு குறையும். ஆகவே ஆழத்தில் இழந்ததை அகலத்தில் மீட்கவேண்டும். இரண்டு பக்கமும் இறக்கை வைத்தாற்போலத் தகடு சேர்க்கிறார்கள். அகலம் கூடினால் அடுத்த சிக்கல்: வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஓடி ஒதுங்க, உறிஞ்சும் குழாய் காற்றைக் குடிக்கும். ஒரு நொடி காற்றைக் குடித்தாலும் பேரிங்குக்கு ஆபத்து. அதனால் உள்ளே தடுப்புத் தகடுகள். அந்தக் குழாய் முனையின் ஸ்ட்ரெய்னருக்கும் சம்பின் தரைக்கும் இடைவெளி கூடினால் காற்று வரும், குறைந்தால் ஆயில் வராது. பிசைந்த களிமண்ணை நடுவில் வைத்து மூடித் திறந்து, நசுங்கிய தடிமனைப் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். கிராங்க் சுழலும்போது ஆயில் மட்டத்தைத் தொட்டுக் கடையக்கூடாது, கடைந்தால் நுரை. வெல்டிங் முடிந்ததும் வெளிப்புறம் சாக்பொடி பூசி, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி வைக்கிறார்கள். பொடியில் ஈரக்கோடு தெரிந்தால் அந்த இடத்தில் ஓட்டை. இவ்வளவும் ஒரு தகடுப் பாத்திரத்துக்காக. இது மிகையான கவனம் என்று நினைப்பவர்கள் 1986ஆம் ஆண்டு பிராபம் பிடி55 காரை எண்ணிப் பார்க்கவேண்டும். கோர்டன் மர்ரே போன்ற மேதை, பிஎம்டபிள்யூ எஞ்சினையே சாய்த்துப் படுக்க வைத்து ஃபார்முலா ஒன் கார் கட்டினார். சாய்ந்த எஞ்சினிலிருந்து ஆயில் ஒழுங்காகத் திரும்பி வரவில்லை. அந்த ஆண்டு முழுவதும் அணிக்குக் கிடைத்தது இரண்டே புள்ளிகள். இரண்டு ஆண்டுகள் கழித்து, தாழ்வாகவே வடிவமைத்த ஹோண்டா எஞ்சினோடு அவர் பங்கெடுத்த மெக்லாரன் 16 பந்தயங்களில் 15ஐ வென்றது. தாழ்வு என்ற எண்ணம் இரண்டிலும் ஒன்றுதான். ஒன்றில் ஆயிலுக்கு வழி இருந்தது, மற்றதில் இல்லை.

அடுத்தது புரொப்பல்லர் ஷாஃப்ட். பத்மினி பின்சக்கரத்தால் ஓடும் கார். முன்னால் இருக்கும் எஞ்சினின் சுழற்சி நீண்ட ஷாஃப்ட் வழியே பின்னால் போகிறது. அதன் இரு முனையிலும் உள்ள கிராஸ் ஜாயிண்டுகள் ஒரே கோணத்தில் மடங்கினால்தான் ஒன்று உண்டாக்கும் ஏற்ற இறக்கத்தை மற்றொன்று ஈடுசெய்யும். இல்லையேல் சுற்றுக்கு இருமுறை அதிர்வு. மவுண்டிங்குகளுக்கு நடுவே 800 மில்லிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினின் முன்பக்கத்தை மட்டும் 40 மில்லிமீட்டர் தாழ்த்தினால் எஞ்சின் அச்சு ஏறக்குறைய மூன்று பாகை சாயும். பின்னால் ஒன்றும் மாற்றாமல் விட்டால் அந்த மூன்று பாகையும் பிழையாக நிற்கும். இதைச் சரிசெய்யும் கருவி ஒரு சாதாரண ரசமட்டமும் கோணமானியும்தான். வண்டியைச் சமதளத்தில் சக்கரங்கள் தரையில் அழுந்தி நிற்கும்படி வைத்து, கியர்பாக்ஸ் முனையில் ஒன்று, ஷாஃப்டில் ஒன்று, பின் ஹவுசிங்கில் ஒன்று எனப் படிக்கிறார்கள். வேண்டிய கோணத்துக்கு ஆப்பு செதுக்கி, பின் அச்சுக்கும் பட்டை ஸ்பிரிங்குக்கும் நடுவே வைக்கிறார்கள். தறிக்காரர்களோடு பழகிய இந்த லேத்காரர்கள் நூல் கணக்கில், அதாவது அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கில் பேசுகிறார்கள். ஆனால் அந்த ஆப்பு நூலுக்குள்ளும் அடங்காத நுட்பம். ரேடியேட்டர், சைலன்சர், கிளட்ச் இணைப்பு மாற்றங்களும் உண்டு. அவை உழைப்பு, அவ்வளவே.

ஒரு நியாயமான ஆட்சேபம்: காரைத் தாழ்த்தத்தான் வேண்டுமென்றால் ஸ்பிரிங்கை மாற்றினால் போதாதா? ஒரு அங்குலம் குட்டை ஸ்பிரிங் போட்டால் எடைமையம் ஏறக்குறைய ஒரு அங்குலம் இறங்கும், செலவும் குறைவு. கணக்கு சரிதான். ஆனால் அப்படிச் செய்தால் முன் விஷ்போன்களின் கோணம் மாறும், சக்கரம் மேலே எழும்பும் இடம் குறையும், உடலோடு சம்பும் தாழும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் உயரம் இருக்கவேண்டும். ஊர்த் தெருக்களில் அதே உயரத்தை ஒரு முழ அகலத்தில் கட்டிவிடுகிறார்கள். பள்ளியும் சந்தையும் உள்ள ஊரில் அந்தத் தடையை வேண்டாம் என்று சொல்ல முடியாது. தாழ்ந்த எஞ்சினிலும் சம்பின் அடி பழைய மட்டத்திலேயே நிற்கவேண்டும் என்று இந்தப் பட்டறைகள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். இறக்கை வைத்த சம்பின் நியாயம் இப்போது இன்னும் தெளிவாகிறது.

கனமான ஆட்சேபம் சட்டத்திலிருந்து வருவது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதியின்றி எஞ்சின் மாற்றிய வண்டி பதிவை இழக்கலாம். 2021இல் வந்த பழம்பெரும் வாகன விதியும் 50 வயது கடந்து மூல வடிவில் உள்ள வண்டிகளுக்குத்தான். இந்த எச்சரிக்கைக்குக் காரணம் இருக்கிறது. பத்மினிக்குத் தனிச் சேஸ் கிடையாது, தகடாலான உடலே சேஸ். லாரிச் சேனலில் எங்கும் பற்றவைத்துப் பழகிய கை, இந்த மெல்லிய தகட்டில் மவுண்டிங்கை நேராக ஒட்டினால் தகடு பிளந்துவிடும். பாரத்தைப் பரப்ப அடியில் அகலப் பலகை வேண்டும். அது தெரியாதவர்களும் தொழிலில் இருக்கிறார்கள். ஆகவே கட்டுப்பாடு தேவை என்பதை ஏற்கிறேன். எதைக் கட்டுப்படுத்துவது என்பதில்தான் வேறுபடுகிறேன். பிரிட்டன் நெடுநாளாகக் கையாண்ட புள்ளிமுறையில், திருத்திய கார் பழைய பதிவெண்ணை வைத்துக்கொள்ள எட்டுப் புள்ளி தேவைப்பட்டது. வெட்டப்படாத உடலுக்கு ஐந்து, ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், அச்சு, கியர்ப் பகுதி ஒவ்வொன்றுக்கும் இரண்டு, எஞ்சினுக்கோ ஒன்றே ஒன்று. வெண்ணந்தூர்ப் பட்டறை காட்டுவதும் அதே எடைபோடல்தான். எஞ்சின் எது என்பதைவிட, அது எதன்மேல், எந்தக் கோணத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதே உயிரைக் காக்கும்.

அப்படிச் சோதிக்க நம்மிடம் இடமில்லை என்பார்கள். ஒரகடம் போன்ற ஆய்வு மையங்கள் தொழிற்சாலை மாடல்களுக்கு. ஒற்றைப் பத்மினியோடு அங்கே போக முடியாதுதான். ஆனால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தகுதிச் சான்றுக்கு வண்டிகளைப் பார்க்கும் ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்கள் கையில் கொடுக்க ஒரு தாள் போதும்: ஷாஃப்டின் மூன்று கோணங்கள், சம்பின் அடி தரையிலிருந்து நிற்கும் உயரம், மவுண்டிங் பலகையின் அளவு, ஆயில் கொள்ளளவு. இந்தத் தாள் இன்று எங்கும் கிடையாது. அதனால் லாபம் யாருக்கு என்று பார்த்தால் புரோக்கர்தான் முன்னால் நிற்கிறார். தேய்ந்த பத்மினியை மலிவாக வாங்கி, பட்டறைக்கு நாள் கூலி கொடுத்து, எஞ்சின் மாற்றிய வண்டி என்ற பெயரில் விற்கிறார். வாங்குபவர் பானெட்டைத் திறந்து எஞ்சினைத்தான் பார்ப்பார், ஆப்பைப் பார்க்கமாட்டார். எண்கள் எழுதிய தாளில் அளந்தவரின் கையெழுத்தும் இருந்தால், நாள் கூலிக்குள் மறைந்துபோன அந்த அளவு வேலைக்குத் தனியாக விலை கேட்கலாம். வண்டி பின்னால் அதிர்ந்தால் பொறுப்பு யாருடையது என்பதும் தெரியும்.