மதுரைக்குப் பறக்கும்போது எந்த ஜன்னல் நல்ல ஜன்னல்?

சென்னையிலிருந்து மதுரைக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம்தான். அதில் பெரும்பகுதி மேகத்தைப் பார்ப்பதிலேயே போய்விடும். விருந்து என்னவோ கடைசிப் பத்து நிமிடத்தில்தான். அந்த நேரத்தில் எதிர்ப்பக்க ஜன்னலில் இருக்கும் குழந்தை, ‘அம்மா, கோபுரம்!’ என்று கத்தும். எட்டிப் பார்ப்பவருக்குத் தெரிவது பக்கத்து சீட்டுக்காரரின் தலை மட்டும்!

டிக்கெட் போடும்போதே கொஞ்சம் யோசித்தால் இந்த ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம்.

வலமா, இடமா?

மதுரை விமான நிலையம் நகருக்குத் தெற்கே, அவனியாபுரம் தாண்டி இருக்கிறது. ஓடுபாதை கிழக்கு மேற்காகப் போட்டிருக்கிறார்கள். கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி இறங்கினால் ஊர் வலப்பக்கம் இருக்கும். மேற்கிலிருந்து இறங்கினால் இடப்பக்கம். விமானம் காற்றை எதிர்த்துத்தான் தரையிறங்கும் என்பதால், எந்தப் பக்கம் என்பதைக் காற்றே முடிவு செய்கிறது. ஆனியிலும் ஆடியிலும் மேல்காற்று அடிக்கும்போது வலப்பக்க ஜன்னலை நம்பிப் பிடிக்கலாம். வாடைக்காற்று வீசும் மாதங்களில் இடப்பக்கத்துக்கும் யோகம் அடிக்கலாம். புறப்படும்போதும் இதே கணக்குதான். மேற்கு நோக்கிக் கிளம்பினால் ஊர் வலப்பக்கம், கிழக்கு நோக்கிக் கிளம்பினால் இடப்பக்கம்.

சென்னையிலிருந்து காலை விமானத்தில் வருபவர்களுக்கு வலப்பக்கத்தில் இன்னொரு லாபமும் உண்டு. வெயில் இடப்பக்கம் அடிப்பதால் கண் கூசாது.

பெரிய ஏர்பஸ் விமானத்தில் நடு வரிசைகளில் உட்கார்ந்தால் கீழே தெரிவது இறக்கைதான். அதனால் முன்வரிசை அல்லது கடைசி வரிசைகளே நல்லது. விசிறி வைத்த சின்ன ஏ.டி.ஆர். விமானத்தில் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருக்கும். பின்வரிசையில் உட்கார்ந்தால் தரை தடையில்லாமல் தெரியும்.

என்னென்ன பார்க்கலாம்?

வரைபடத்தில் சென்னைக்கும் மதுரைக்கும் ஒரு கோடு போட்டால் அது திருச்சியை ஒட்டித்தான் போகும். வானம் தெளிவாக இருந்தால் காவிரியும் கொள்ளிடமும் இரண்டு பட்டைகளாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவே ஸ்ரீரங்கம்.

உயரம் குறையத் தொடங்கியதும் மதுரையின் மலைகள் வரும். ஒத்தக்கடையில் படுத்திருக்கும் யானைமலை, மேற்கே நீளும் நாகமலை, விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே திருப்பரங்குன்றம். நடுவில் வைகை ஓடும். பல மாதங்களில் அது தண்ணீரைவிட மணல்தான்.

பிறகு மீனாட்சியம்மன் கோயில். தெற்குக் கோபுரம்தான் எல்லாவற்றிலும் உயரம், சுமார் 170 அடி. கோயிலுக்குள்ளே ஆடி வீதி, அதைச் சுற்றி சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று சதுரத்துக்குள் சதுரமாக வீதிகள். கடைசிச் சதுரமான வெளி வீதிகள், 1840-களில் கோட்டைச் சுவரை இடித்த பிறகு உருவானவை. தரையில் ஆட்டோவில் சுற்றும்போது புரியாத இந்த அமைப்பு, மேலிருந்து பார்த்தால் ஒரே பார்வையில் புரிந்துவிடும். கிழக்கே ஒரு பெரிய சதுரமும் அதன் நடுவில் ஒரு மண்டபமும் தெரிந்தால், அது வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம்.

கண்மாய்களைக் கவனியுங்கள்

கோபுரத்தைத் தேடும் அவசரத்தில் பலரும் தவறவிடுவது கண்மாய்களை. மழை முடிந்த மார்கழி, தை மாதங்களில் வந்தால், ஊரைச் சுற்றிய சமவெளி முழுக்கக் கண்ணாடித் துண்டுகளாக மின்னும். ஒன்று நிரம்பி அடுத்ததற்குத் தண்ணீர் விடும்படி முன்னோர் கட்டிய சங்கிலி அது.

அந்தச் சங்கிலி எங்கே அறுந்திருக்கிறது என்பதும் மேலிருந்தே தெரிகிறது. கரை இருக்கும், உள்ளே வீடுகள் இருக்கும். உயர்நீதிமன்றக் கிளை நிற்கும் உலகனேரி, பெயரிலேயே ஏரியை வைத்திருக்கிறது. மேலூர்ப் பக்கம் கிரானைட்டுக்காகக் குன்றுகளை வெட்டிய குழிகளும் கண்ணில் படும்.

அடுத்த முறை குழந்தையை ஜன்னலோரம் உட்கார வைத்தால், கோபுரத்தைக் காட்டிய கையோடு கண்மாய்களையும் எண்ணச் சொல்லுங்கள். அந்தக் குழந்தை வளர்ந்து தன் பிள்ளையோடு பறந்து வரும்போது, அந்த எண்ணிக்கை குறையாமல் இருக்க வேண்டும்.