முதல் கேமராவும் நம் வீட்டு முகங்களும்



நம்முடைய வாலிபர்களில் சிலர், "ஐயா, முதன்முதலாக ஒரு டி.எஸ்.எல்.ஆர். கேமரா வாங்க விரும்புகிறோம்; எதை வாங்கலாம்?" என்று கேட்டு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கூறுவதைவிட, அனைவருக்கும் பொதுவாக எழுதுவது நலம் என்று எண்ணினேன். தியானத்திற்காக இந்தப் பக்கத்தைத் திறக்கும் பெரியவர்கள் இந்த வாரம் சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். இது உங்களையும் பற்றிய காரியந்தான்.

ஏன் வாங்குகிறோம் என்பதை முதலில் யோசியுங்கள். ஒரு வீட்டில் மூத்தவர் ஒருவர் நித்திரையடைந்தால், அடக்க ஆராதனைக்கு முன்னே குடும்பத்தார் அவருடைய படத்தைத் தேடுகிறார்கள். கைபேசியில் ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கின்றன. பிரியாணியும் பூந்தொட்டியும் பேரப்பிள்ளையின் பிறந்தநாள் கேக்கும் இருக்கின்றன. அந்த ஒரு முகம் மாத்திரம் இல்லை. கடைசியில் வாக்காளர் அட்டையிலுள்ள தபால்தலை அளவுப் படத்தைப் பெரிதாக்கி மாலையிடுகிறார்கள். இல்லாவிட்டால் யாருடைய கல்யாணத்திலோ எடுத்த கூட்டப் படத்திலிருந்து வெட்டி எடுக்கிறார்கள். ஓரத்தில் வேறொருவருடைய தோள் தெரிகிறது. எண்பது ஆண்டு வாழ்ந்த முகத்திற்கு நாம் வைத்திருப்பது இவ்வளவே. ஆகையால் கேமரா வாங்கும் எண்ணம் உங்களுக்கு இருக்குமானால், அதற்கு வேலை ஏற்கெனவே காத்திருக்கிறது.

இனி, எதை வாங்குவது? டி.எஸ்.எல்.ஆர். என்பதன் உள்ளே ஒரு கண்ணாடி சாய்வாக நிற்கிறது. லென்ஸ் வழியாக வரும் ஒளியை அது மேலே திருப்பி, நீங்கள் கண்வைத்துப் பார்க்கும் துளைக்கு அனுப்புகிறது. பொத்தானை அழுத்தியவுடன் கண்ணாடி மேலெழும்பி, ஷட்டர் திறந்து, ஒளி சென்சாரின்மேல் விழுகிறது. 2018-ஆம் ஆண்டில் கேனானும் நிக்கானும் தங்கள் பெரிய சென்சார் கேமராக்களையே இந்தக் கண்ணாடி இல்லாமல் செய்யத் தொடங்கின; அது முதல் புதிய முயற்சிகள் பெரும்பாலும் அந்தத் திசையில்தான் போகின்றன. இதைக் கேட்டுச் சோர்ந்துபோக வேண்டாம். பலர் தங்கள் பழைய டி.எஸ்.எல்.ஆரை விற்றுவிட்டுப் புதியதற்கு மாறுவதால், கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு நல்ல கேமராக்கள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. நிக்கான் டி3500, கேனான் 1500டி, 200டி போன்றவை தொடக்கத்திற்குத் தாராளமாகப் போதும். தவணைக் கடன் எடுத்து விலையுயர்ந்த கேமரா வாங்காதேயுங்கள். மாதந்தோறும் கட்டவேண்டிய தொகை, கற்றுக்கொள்ளும் மகிழ்ச்சியைத் தின்றுவிடும்.

மெகாபிக்சல் கணக்கில் மயங்கவும் வேண்டாம். வீட்டுச் சுவரில் மாட்டும் 12க்கு 8 அங்குலப் படத்தை, அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்ற நேர்த்தியான அளவில் அச்சிட, 3600க்கு 2400 புள்ளிகள் வேண்டும். அதாவது 9 மெகாபிக்சலுக்கும் குறைவு. மேலே சொன்ன கேமராக்கள் ஒவ்வொன்றும் 24 மெகாபிக்சல் உடையவை.

பழையது வாங்குகிறவர்கள் மூன்று காரியங்களைப் பாருங்கள். ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். டி3500-இன் ஷட்டர் ஏறக்குறைய ஒரு லட்சம் முறை இயங்கும்படி சோதிக்கப்பட்டது. அபெர்ச்சரை எஃப்/16-இல் வைத்து ஒரு வெள்ளைச் சுவரைப் படமெடுங்கள். சென்சாரில் தூசி இருந்தால் கரும்புள்ளிகளாகத் தெரியும். பின்பு லென்ஸைக் கழற்றி, ஒரு டார்ச் விளக்கை அதன் வழியே அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. நம்முடைய கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் லென்ஸைத் தோல் பையிலேயே மாதக்கணக்கில் வைத்தால் இப்படித்தான் ஆகும். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்த லென்ஸ் வேண்டாம். நல்லதை வாங்கி வந்தபின், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். அரிசி டப்பாவில் வைக்கலாமா என்று ஒரு அம்மா கேட்டார்கள். மாவுத்தூள் உள்ளே போகும், வேண்டாம்.

கேமராவோடு வரும் 18-55 லென்ஸ் பகல் வெளிச்சத்திற்கு நல்லது. முகங்களுக்காக 50 மில்லிமீட்டர் எஃப்/1.8 லென்ஸ் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாற்று லென்ஸ்களில் மிக மலிவானவற்றுள் இது ஒன்று. 18-55 லென்ஸ் தன் நீண்ட முனையில் எஃப்/5.6-க்கு மேல் திறவாது, எஃப்/1.8 அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். மாலை மங்கிய வீட்டுக்குள் இந்த வித்தியாசம் பெரியது. நிக்கான் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிப்பு: டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய 'டி' வகை 50 மில்லிமீட்டர் லென்ஸை மலிவென்று வாங்கினால், ஒவ்வொரு படத்திற்கும் கையால் ஃபோகஸ் செய்ய வேண்டியிருக்கும். 'ஏஎஃப்-எஸ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

கற்றுக்கொள்வதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். அபெர்ச்சர் என்பது ஒளி வரும் வாசலின் அகலம், ஷட்டர் வேகம் அந்த வாசல் திறந்திருக்கும் நேரம், ஐ.எஸ்.ஓ. என்பது கிடைத்த ஒளியை எவ்வளவு பெருக்கிக் காட்டவேண்டும் என்ற அளவு. இம்மூன்றையும் எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள். ஒரு வாரத்தில் கைவரும். அநேகர் சொல்லாமல் விடுவது வேறொன்று. கேமராவுக்குத் தான் எதைப் பார்க்கிறது என்று தெரியாது. தன்முன் உள்ள காட்சி, சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டே அது ஒளியை அளக்கிறது. இக்காலக் கேமராக்கள் ஓரளவு சமாளிக்கப் பழகியிருந்தாலும், அடிப்படை இதுவே.

இது நமக்கு ஏன் முக்கியம் என்று கவனியுங்கள். நம்முடைய மணவாட்டி வெள்ளைப் புடவையில் நிற்கிறாள். சட்டம் முழுவதும் வெண்மை. "வெளிச்சம் மிகுதி" என்று எண்ணிக் கேமரா ஒளியைக் குறைக்கிறது. புடவை அழுக்கேறியதுபோல் சாம்பலாகிறது, அவளுடைய முகம் இருண்டுபோகிறது. பக்கத்தில் கறுப்புக் கோட்டு அணிந்த மணவாளனைத் தனியே எடுத்தால், அதே கேமரா ஒளியைக் கூட்டி அவன் முகத்தை வெளிறச் செய்கிறது. இரண்டிலும் அவர்களுடைய உண்மையான நிறம் இல்லை. பொத்தான்களில் கூட்டல்-கழித்தல் குறியிட்ட ஒன்று இருக்கும். அதுதான் எக்ஸ்போஷரைத் திருத்துவது. வெள்ளை உடைக்குக் கூட்டல் பக்கம் முக்கால் அல்லது ஒரு படி தள்ளுங்கள். கறுப்புக்குக் கழித்தல் பக்கம். புடவையின் நெசவு வெளுத்து மறைகிறதா என்று திரையில் பெரிதாக்கிப் பார்த்துச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு பொத்தானைப் பழகியவர் பாதி தூரம் வந்துவிட்டார்.

அச்சிடக் கொடுக்கும் இடங்கள் சிலவற்றில், கேளாமலே முகத்தை வெளுப்பாக்கிக் கொடுப்பார்கள். வேண்டாமென்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள். வயலிலும் உப்பளத்திலும் உழைத்துக் கறுத்த முகத்தை மாற்றி அச்சிட்டால், வீட்டுப் பிள்ளைகள் ஒருநாள் "இது யார்?" என்று கேட்பார்கள்.

ஆலயத்திற்குள் எடுக்கும்போது சில ஒழுங்குகள் உண்டு. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று ஓடுவதால், பழைய சோக் வைத்த டியூப்லைட்டுகள் விநாடிக்கு 100 முறை மினுங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஷட்டரை அதைவிட வேகமாக வைத்தால் ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்தது இருட்டாகவும் வரும். 1/100-ஐத் தாண்டாதேயுங்கள். ஃபிளாஷ் சில மீட்டர் தூரந்தான் எட்டும். பின்வரிசையிலிருந்து அடிப்பதால் முன்னிருப்பவருடைய தலைமுடிதான் பிரகாசிக்கும். கண்ணாடி எழும்பும் 'டக்' என்ற ஓசை ஜெப வேளையில் எல்லோருக்கும் கேட்கும். ஓசை குறைக்கும் முறை டி3500-இல் உண்டு. ஆனாலும் கண்களை மூடி ஜெபிக்கிறவரைப் படமெடுக்காமல் இருப்பதே நலம் என்பது என் கருத்து. ஞானஸ்நானம் பெறுகிறவரிடமும் குடும்பத்தாரிடமும் முன்னமே கேட்டு அனுமதி பெறுங்கள்.

இப்போது அந்தப் பெரியவர்களிடம் போங்கள். ஸ்டுடியோ எதுவும் வேண்டாம். நம்முடைய திண்ணைகளே போதும். காலை ஒன்பது மணிக்குமேல், வெயில் முற்றத்தில் விழ, திண்ணையில் நிழல் இருக்கும். நிழலுக்குள், முற்றத்தைப் பார்த்தபடி அவரை உட்கார வையுங்கள். வானத்திலிருந்தும் தரையிலிருந்தும் வரும் மென்மையான ஒளி முகமெங்கும் பரவும். நேர்வெயிலில் நிறுத்தினால் கண்குழிகள் இருண்டுபோகும், கண்களும் கூசும். அபெர்ச்சரை எஃப்/2.8-இல் வையுங்கள், எஃப்/1.8-இல் ஒரு கண் தெளிந்து மற்றது மங்கக்கூடும். அருகிலுள்ள கண்ணில் ஃபோகஸ் செய்யுங்கள்.

பெரியவர்கள் கேமராவைக் கண்டதும் நிமிர்ந்து, கைகளை முழங்கால்மேல் வைத்து, சிரியாமல் பார்ப்பார்கள். அவர்களுடைய காலத்து ஸ்டுடியோ ஒழுக்கம் அது. "தாத்தா, சிரியுங்கள்" என்று வற்புறுத்தாதேயுங்கள். அவர் விரும்பும் அந்தப் படத்தை முதலில் மரியாதையோடு எடுங்கள். பின்பு கேமராவை மடியில் வைத்துவிட்டு, இந்த வீட்டைக் கட்டியது எப்போது, அந்த வேப்பமரத்தை நட்டது யார் என்று கேளுங்கள். பேச்சு வளர்ந்து, அவர் தம்மை மறந்த வேளையில் இரண்டாவது படத்தை எடுங்கள்.

இரண்டையும் அச்சிட்டு, பின்புறம் பெயரும் ஊரும் தேதியும் எழுதி, அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். எதைச் சுவரில் மாட்டுவது என்பதை அவரே தெரிந்துகொள்ளட்டும்.