சோப்பு வாசம்

நான் பூசுவது ஒரு கஞ்சத்தனமான சென்ட். பெயர் மாலிக்யூல் 01. கெசா ஷோன் என்ற ஜெர்மானியர் 2006-இல் கொண்டுவந்தது. மற்ற சென்ட்டுகளில் ரோஜா, சந்தனம், எலுமிச்சை என்று ஏகப்பட்ட சரக்கு சேரும். இதில் ஐசோ ஈ சூப்பர் என்ற ஒரே வாசனைப் பொருள்தான். எந்தப் பூவிலும் மரத்திலும் கிடையாது, ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. புதிதாகச் சீவிய மரத்தூள்போல லேசாக வரும், போகும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வரும். சிலர் மூக்குக்குப் பிடிபடவே பிடிபடாது. பூசிக்கொண்ட எனக்கே சீக்கிரம் தெரியாமல் போய்விடும். யாராவது நின்று "என்ன வாசம் இது?" என்று கேட்டால்தான் கொடுத்த காசுக்கு மரியாதை.

கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொன்ன பதில்: "ஒன்னும் போடலையே. சோப்பு வாசமா இருக்கும்."

நான் வளர்ந்த கிள்ளானில் வாசனையை ஒளிக்கும் பழக்கமே கிடையாது. தீபாவளிக்கு முன்னால் தெங்கு கிளானா சாலையில் நடந்தால் மல்லிகையும் ஊதுவத்தியும் பலகாரம் பொரிக்கும் எண்ணெயும் ஆளைத் தள்ளும். கல்யாண மண்டபத்தில் ஒரு சித்தி மணக்க மணக்க வந்தால் "எங்கே வாங்குனே, எத்தனை வெள்ளி?" என்று நாலு பேர் கேட்பார்கள். சித்தியும் விலையைச் சொல்லிவிட்டு, கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்து நாலு பேர் மணிக்கட்டிலும் ஒரு அடி அடித்துவிடுவார். கே.எல்.லில் ஆபீஸ் வேலைக்கு வந்த பிறகு அதெல்லாம் எனக்குக் கொச்சையாகத் தெரிந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடையில் முழம் போட்டு வாங்குகிறவர்களும் நானும் ஒன்றல்ல என்று காட்டவேண்டும். வாங்கிப் பூசுகிறேன் என்று தெரிந்தால் என் மதிப்பு குறைந்துவிடும். பிறவியிலேயே மணக்கிறேன் என்று நம்பவேண்டும்.

இந்த வழக்கு நமக்குப் புதிதல்ல. பெண்களின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்று செண்பகப் பாண்டியனுக்கு வந்த சந்தேகமும், அதற்கு ஆயிரம் பொன்னும், தருமி பட்ட பாடும் 'திருவிளையாடல்' பார்த்த எல்லாருக்கும் மனப்பாடம். 1965-இல் படத்தை எடுத்த ஏ.பி. நாகராஜனே நக்கீரராகவும் நடித்தார். தருமியாக வரும் நாகேஷுக்குச் சிரித்துவிட்டுக் கடைசியில் நக்கீரர் பக்கம் சாய்வதுதான் எங்கள் வீட்டு வழக்கம். பூவும் எண்ணெயும் சேராமல் எந்தத் தலையும் மணக்காது என்று அப்பா தீர்ப்பே சொல்வார். அந்த வீட்டுப் பெண் நான், இயற்கையிலேயே இல்லாத ஒன்றைக் கழுத்தில் தடவிக்கொண்டு இயற்கை மணம் என்று சாதித்தேன். ஆபீஸில் ஒரு நக்கீரரும் இல்லை.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் என்னோடு கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறுவாள். பெண்களுக்கென்று 2010-இல் ஒதுக்கிய பெட்டியில் பக்கத்தில் உட்கார்ந்து வருவோம். சம்பளத்தில் முக்கால்வாசியை அம்மாவிடம் கொடுக்கிறவள். "என்ன சோப்புக்கா?" என்றாள். வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொன்னேன். வாங்கிவிட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து, ரயில் ஷா ஆலமைத் தாண்டும்போது, மணிக்கட்டை என் மூக்கருகே நீட்டி, "எனக்கு வரவே மாட்டேங்குதேக்கா" என்றாள். அப்போதாவது சிரித்து உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். கைப்பைக்குள் பாட்டில் இருந்தது. சித்தியாக இருந்தால் அங்கேயே ஒரு அடி அடித்துவிட்டிருப்பார். நான், "ஒவ்வொரு உடம்புக்கு ஒவ்வொரு மாதிரி" என்றேன். அவள் தன் கையை இன்னொரு முறை முகர்ந்து பார்த்தாள். பிறகு சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டாள். சோப்பைக் குறை சொல்லவில்லை, என்னைச் சந்தேகப்படவில்லை. குறை தன் உடம்பில்தான் என்று எடுத்துக்கொண்டாள். சென்ட்டு விலையை மறைத்தது அற்பம். இதற்கு என்ன பெயர் வைப்பது?

மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் இப்போது பாட்டிலை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறேன். போன தீபாவளிக்கு அவள் ஒரு பை கொடுத்தாள். முறுக்கோடு அந்த சோப்பிலும் மூன்று கட்டி. அதற்கு முன் அதை நான் தொட்டதுகூட இல்லை. பிரித்து முகர்ந்தேன், நெடி, எனக்கு ஒத்துவராது. அம்மா எடுத்துத் துணி அலமாரியில் வைத்துவிட்டார்.

லீவு முடிந்து ரயிலில் பார்த்தபோது, "போட்டீங்களாக்கா?" என்றாள்.

போட்டேன் என்றேன்.