மிச்சம் நின்ற மலை

பல வருடம் கழித்து பம்பாய்க்குத் திரும்பியபோது நான் பார்க்க ஏங்கியது பழைய வீட்டையல்ல, அந்தேரியில் நிற்கும் கில்பர்ட் ஹில் என்ற கறுப்புப் பாறையை. ஊர் அடையாளம் தெரியாமல் போய்விட்டது என்பது திரும்பி வருகிற எல்லோரும் பாடும் பாட்டு. பில்டர்களையும் அரசியல்வாதிகளையும் திட்டுவது அதன் பல்லவி. பாட்டில் பொய்யில்லை, ஆனால் பாடுகிறவர் தன்னை மட்டும் கழித்துக்கொள்கிறார். விட்டுப் போன நமக்கும் அந்த இழப்பில் பங்குண்டு என்று சொல்ல இந்த ஒரு பாறை போதும்.

அந்தப் பாறையைப் புரிந்துகொள்ள முதலில் கடலோரம் போக வேண்டும். பாந்த்ராவில் கடல் உள்வாங்கும் நேரம் தலைகாட்டும் கறும்பாறைகள் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டானவை. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் குழம்பு அடுக்கடுக்காகப் பரவியது. இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டரை அது மூடியிருக்கிறது. அந்த அடுக்குகள் அரிபட்டு, தூரத்திலிருந்து படிக்கட்டு போலத் தெரிவதால்தான், படி என்று பொருள்படும் ஸ்வீடிஷ் சொல்லிலிருந்து ‘டெக்கான் டிராப்’ என்ற பெயர் வந்தது. மாத்தேரானுக்குப் போனால் மலைச்சரிவில் அந்தப் படிகளை எண்ணலாம். வொர்லியில் கிடைத்த சாட்சி இன்னும் நுட்பமானது. இரண்டு குழம்படுக்குகளுக்கு நடுவே சேறாகப் படிந்த பாறையில், 19ஆம் நூற்றாண்டிலேயே சின்னஞ்சிறு தவளைகளின் எலும்புகளைக் கண்டெடுத்தார்கள். ஒரு சீற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் குளம் கட்டி, தவளை குடியேறும் அளவுக்கு இங்கே அமைதி இருந்திருக்கிறது. இந்த ஊரில் இடைவெளி கிடைத்தால் குடியேறுவது அப்போதே தொடங்கிவிட்டது!

கில்பர்ட் ஹில் சுமார் 200 அடி உயரம். குழம்பு மெல்ல ஆறிச் சுருங்கும்போது வெடிப்புகள் மேலிருந்து கீழாக ஓடி, பட்டை தீட்டிய கம்பங்களை நெருக்கி நட்டதுபோலத் தூண்கள் உருவாகின்றன. அப்படித் தூண்களாக நிற்கும் இந்தப் பாறைக்கு இணை சொல்ல அமெரிக்காவின் வயோமிங்கிலுள்ள டெவில்ஸ் டவரைத்தான் காட்டுவார்கள். ஆனால் இது தனியாகப் பிறந்த மலையல்ல, ஒரு குன்றுத்தொடரின் மிச்சம். பக்கத்து ஜோகேஸ்வரியிலும் இதே போன்ற தூண்கள் இருந்தன. கல்குவாரிகள் அவற்றைத் தின்றுவிட்டன. குவாரிக் கல் வேறெங்கே போகும்? ஜல்லியாகி, சுவருக்கும் கூரைக்கும்தான். இதே ஊரின் மாலாடு, குர்லா பகுதிக் கற்களில் எழுந்த பம்பாய் அருங்காட்சியகத்தை வியக்கிறோம். அந்தக் கல்லுக்காக வெட்டுப்பட்ட குன்றுகளை யாரும் நினைப்பதில்லை. மறைந்த குன்றுகள் எங்கே என்று கேட்கும் நாம் அவற்றுக்குள்தான் படுத்துறங்கினோம்.

கோடிப் பேர் பிழைக்க வந்த ஊரில் மலையைக் கட்டிக்கொண்டு அழ முடியுமா என்று கேட்கலாம். தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் வந்தேறிய தமிழர்களின் வழியில் வந்த எவரும் அந்தக் கேள்வியை உதறிவிட முடியாது. வீடு வேண்டும், கல்லும் வேண்டும். ஆனால் சாதாரண எரிமலைக் கல்லுக்கு மகாராஷ்டிரத்தில் பஞ்சமில்லை. தூண் தூணாக உறைந்த கல்தான் அரிது. இரண்டையும் ஒரே விலைக்கு உடைத்ததுதான் தவறு. 2007இல் மாநகராட்சி கில்பர்ட் ஹில்லைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டதே என்பார்கள். அந்த அறிவிப்பு கல்லைக் காக்கும், காட்சியைக் காக்காது. மலை மலையாகத் தெரிய எட்டி நின்று பார்க்க இடம் வேண்டும். இங்கே கட்டடங்கள் நாலாபுறமும் நெருக்கி நிற்கின்றன. உச்சியிலுள்ள காவ்தேவி கோயில் பாறைக்குப் பாரம் என்று அலுத்துக்கொள்பவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாமி குடியிருக்கும் கல்லில் வெடி வைக்கக் கை கொஞ்சமாவது தயங்கும்.

மாநகராட்சி இனிச் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பாறையைச் சுற்றி மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு அடி வெற்றிடத்தையும் கட்டடமில்லாமல் விட வேண்டும். கோயிலுக்குப் போகும் படிகள் அந்தப் பாறையிலேயே வெட்டியவை. செங்குத்தாக இருக்கும், பார்த்து ஏறுங்கள்.