ரிவர்ஸில் உதறும் லாரியும் ஒரு சஸ்பென்ஸ் அக்கவுண்டும்

பி.காம். படிக்கிறவனுக்கு லாரி கிளட்ச்சில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நாமக்கல் பக்கம் பிறந்தவனிடம் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். எங்கள் பக்கம் கோழிப்பண்ணை இல்லாத வீட்டில் லாரி இருக்கும், இரண்டும் இல்லாத வீட்டில் லாரிக்கு பாடி கட்டுகிறவர் இருப்பார். (கொஞ்சம் மிகைதான், கண்டுக்காதீங்க!)

மாமாவிடம் இருப்பது ஒரே ஒரு பத்துச் சக்கர வண்டி. 2018-ல் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியபோது, இந்த மாதிரி மூன்று அச்சு வண்டிகளின் மொத்த எடை வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனது. அவ்வளவு எடையை நின்ற இடத்திலிருந்து அசைக்க, சுற்றிக்கொண்டிருக்கும் ஃப்ளைவீலை ஒரு கிளட்ச் பிளேட் உரசிப் பிடிக்க வேண்டும். கனரக வண்டிகளில் அதன் விட்டம் சுமார் 15 முதல் 17 அங்குலம். சீராகப் பிடித்தால் வண்டி நழுவுகிற மாதிரி கிளம்பும். பிடித்துப் பிடித்து விட்டால் உதறும்.

மாமா வண்டி உதற ஆரம்பித்தது. அதுவும் ரிவர்ஸில் மட்டும். குடோனில் பின்னால் எடுக்கும்போது கேபினே குலுங்கும். மாமா உடனே தீர்ப்பு எழுதிவிட்டார். "டிரைவர் ஹாஃப் கிளட்ச்லயே ஓட்டி பிளேட்டைத் தின்னுட்டான். கிளட்ச் செட் காசை அவன் சம்பளத்துல புடிச்சுக்கறேன்."

டிரைவர் அண்ணனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், ஸ்கூல் ஃபீஸ் கட்டுகிற மாசம். அவர் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. "முன்னாடி போறப்ப நல்லாத்தானுங்க இருக்குது" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை.

பட்டறை மேஸ்திரி மட்டும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். கியர்பாக்ஸை இறக்கினால்தான் பிளேட்டைப் பார்க்க முடியும், அதற்கே ஒரு நாள் போய்விடும். அதனால் அவர் முதலில் சில கேள்விகள் கேட்டார். முதல் கியரில் உதறுகிறதா? இல்லை. காலையில் மட்டும் வந்து, பிறகு சரியாகிறதா? (ராத்திரி ஈரத்தில் ஃப்ளைவீலில் லேசாகத் துரு படிந்தால் அப்படி ஆகும்.) இல்லை. லோடு ஏற்றி மேட்டில் போகும்போது இன்ஜின் சத்தம் ஏறி, வண்டி இழுக்காமல் இருக்கிறதா? இல்லை. கருகல் வாசம்? இல்லை. கிளட்ச் ஹவுசிங் அடியில் ஆயில் கசிவு? குனிந்து பார்த்தார், காய்ந்து கிடந்தது.

இதில் உள்ள தர்க்கம் எனக்குப் பிடித்திருந்தது. பெரும்பாலான லாரிகளில் முதல் கியரும் ரிவர்ஸும் ஏறக்குறைய ஒரே அளவு இழுவை. கிளட்ச் பிளேட்டுக்கு வண்டி முன்னால் போகிறதா பின்னால் போகிறதா என்று தெரியாது, இன்ஜின் எப்போதும் ஒரே பக்கம்தான் சுற்றுகிறது. பிளேட் கருகியிருந்தாலோ ஆயில் பட்டிருந்தாலோ இரண்டிலும் உதற வேண்டும். ஒன்றில் மட்டும் என்றால், திசை மாறும்போது வேறு எது மாறுகிறது என்று தேட வேண்டும்.

மாறுவது எதிர்விசை. முன்னால் போகும்போது இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்து ஒரு பக்கமாகச் சாயப் பார்க்கும், ரிவர்ஸில் மறுபக்கமாக. அதைத் தாங்குவது மவுண்டிங் ரப்பர்கள். ஒரு ரப்பர் கிழிந்திருந்தால், அழுத்தும் திசையில் கிழிசல் மூடிக்கொள்ளும், தூக்கும் திசையில் திறந்துகொள்ளும். இன்ஜின் எழும்பி விழ, அந்த ஆட்டம் கிளட்ச் பிடிப்பையும் ஆட்டிவிடும். பின் அச்சின் டார்க் ராடு புஷ், யூ-போல்ட், ஷாஃப்ட்டின் கிராஸ் தேய்ந்தாலும் இதே மாதிரி செய்யலாம்.

காலி வண்டி. எல்லாப் பக்கமும் சக்கரத்துக்குக் கட்டை, ஹேண்ட் பிரேக், முன்னாலும் பின்னாலும் ஆள் கிடையாது. டிரைவர் அண்ணன் ஃபுட் பிரேக்கை அழுத்திக்கொண்டு முதல் கியரில் கிளட்ச்சை லேசாக விட்டார். மேஸ்திரி பக்கவாட்டில் நின்று டார்ச் அடித்தார். இன்ஜின் அசையவில்லை. ரிவர்ஸ் போட்டார். ஒரு பக்கம் எழும்பியது! இன்ஜினை அணைத்துவிட்டுக் கடப்பாரையால் நெம்பிப் பார்த்தால், ரப்பர் இரும்புத் தகட்டை விட்டுப் பிரிந்து தனியாக வந்தது.

மவுண்டிங் ரப்பரை மாற்றினார்கள், உதறல் நின்றது. கியர்பாக்ஸை இறக்கவே இல்லை. சம்பளப் பிடித்தமும் இல்லை. மாமா "சரி விடுப்பா" என்றார். அவர் அகராதியில் மன்னிப்புக்கு அதுதான் பெயர்.

அக்கவுண்ட்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும், ட்ரையல் பேலன்ஸ் இடிக்கும்போது வித்தியாசத்தைத் தற்காலிகமாக சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போடுவோம். தப்பு எங்கே என்று தேடும் வரைக்கும்தான் அது. தேடாமலே அங்கேயே விட்டுவிட்டால் கணக்கு டேலி ஆன மாதிரி தெரியும், ஆனால் தப்பு அப்படியே இருக்கும். லாரித் தொழிலில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டுக்குப் பெயர் டிரைவர். டயர் தேய்ந்தாலும், டீசல் குறைந்தாலும், வண்டி உதறினாலும் அவர் தலையில்தான்.

சில சமயம் டிரைவர் தப்பும் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஹாஃப் கிளட்ச்சில் ஓட்டினால் பிளேட் கருகும், ஃப்ளைவீலில் நீலத் திட்டு விழும், வாசம் வரும். அதற்கும் சாட்சி உண்டு என்பதுதான் விஷயம். சாட்சியைப் பார்த்துவிட்டு யார் சம்பளத்தில் வேண்டுமானாலும் கை வைக்கட்டும்.