கேளாமல் வாங்கிய பெட்டி

பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லித்தந்த சொலவடை ஒன்று: ‘ஆஷ்தே ஷா ஆன் போஷ்’. பைக்குள் இருக்கும் பூனையைப் பார்க்காமலே விலைக்கு வாங்குவது என்று பொருள். ஆம்ப்ளிஃபையரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் கேட்டுப் பார்க்காமல் தருவிக்கப் போகிறேன் என்றதும், என்னோடு படித்த நண்பர் சிரித்தார். “என்னய்யா, இந்த வயசுல பூனை வாங்கப் போறியா?”

கேட்டுப் பார்க்க எங்கே போவது, சொல்லுங்கள். புதுச்சேரியில் நான் ஏறி இறங்கிய கடைகளில் டிவிக்குக் கீழே வைக்கும் நீளமான சவுண்ட்பார்தான் இருந்தது. சென்னைக்குப் போக வர சுமார் 300 கிலோமீட்டர். என் மனைவிக்குக் கண் பார்வை மங்கி இரண்டு வருடம் ஆகிறது. பத்திரிகை போயிற்று, டிவி போயிற்று. மிஞ்சியது பாட்டுதான். அந்த நேரம் பார்த்துப் பழைய செட்டும் ஊமையாகிவிட்டது. அவரை நாள் முழுக்கத் தனியே விட்டுவிட்டு நான் கடை கடையாக அலைய முடியாது.

அப்படியே போனாலும் கடையில் கேட்பது எவ்வளவு தூரம் உண்மை? பல வருடங்களுக்கு முன் சென்னையில் ஒரு கடையில் கேட்டிருக்கிறேன். தரையெல்லாம் கம்பளம், சுவரெல்லாம் திரை. இரண்டு செட்டை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்கள். ஒன்று சற்றே சத்தமாக ஒலித்தாலும் அதுவே உயர்ந்தது என்று நம் காது தீர்ப்புச் சொல்லிவிடும். எங்கள் வீடோ உயர்ந்த கூரை, மொசைக் தரை, வெறும் சுவர். கைதட்டினால் எதிரொலிக்கும். கடையில் இனித்த அதே பெட்டி இங்கே இரையும். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியவர்கள் சொன்னது ஸ்பீக்கருக்கும் பொருந்தும்.

விசாரணை எனக்குப் பழகிய வேலை. கோப்புப் பார்ப்பது போல உட்கார்ந்தேன். முதலில் வாட். ‘பிஎம்பிஓ’ என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் ஒதுக்கிவிட வேண்டும். ‘ஆர்எம்எஸ்’ என்று போட்டிருப்பதே பொருட்படுத்த வேண்டிய கணக்கு. அடுத்தது, 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபெல் என்பது. 85 டெசிபெல் பெட்டி, 88 டெசிபெல் பெட்டியின் சத்தத்தை எட்ட இரண்டு மடங்கு வாட் கேட்கும். மூன்றாவது ஓம். 8 ஓம் பெட்டியைவிட 4 ஓம் பெட்டி ஆம்ப்ளிஃபையரிடம் அதிக மின்னோட்டம் இழுக்கும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

20,000 ஹெர்ட்ஸ் வரை ஒலிக்கும் என்று விளம்பரத்தில் பெருமை பேசுவார்கள். சென்ற வருடம் என் காதுக்கு எடுத்த வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் கோடு கிணற்றில் இறங்குவது போல இறங்கியது. நம் வயதில் இது சகஜம். ஆகவே நானே கடைக்குப் போய்க் கேட்டிருந்தாலும் பாதி சாட்சிதான். மனைவியின் காது இன்னும் நன்றாக இருக்கிறது. தீர்ப்பு அவருடையதாக இருக்கட்டும், அதுவும் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

அதற்குத் திருப்பி எடுத்துக்கொள்ளும் நிபந்தனை முக்கியம். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, பொருள் பழுதாக இருந்தாலோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ விற்றவர் திருப்பி எடுக்க மறுக்கக்கூடாது. ‘ஒலி பிடிக்கவில்லை’ என்பது அதில் அடங்காது. அதற்கும் சேர்த்துப் பத்து நாள் தவணை எழுத்தில் கொடுத்த கடையாகப் பார்த்து, ஒன்றரை மாதப் பென்ஷனை அனுப்பினேன். காலி அட்டைப்பெட்டியைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

ஸ்பீக்கர் பெட்டிக்குப் பிரெஞ்சில் ‘ஆன்சேன்த்’ என்று பெயர். கர்ப்பிணிக்கும் அதே சொல்தான்! வந்திறங்கிய இரண்டையும் அந்த மரியாதையோடுதான் தூக்கி வைத்தோம். முதல் நாள் தவில் கொழகொழவென்று கேட்டது. சுவரைவிட்டு இரண்டடி முன்னால் நகர்த்தினேன். தரையில் ஜமக்காளம் விரித்தேன். உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்துக்கு முக்காலி போட்டேன். மனைவிக்கு மனப்பாடமான பழைய கச்சேரிப் பதிவுகளையே திரும்பத் திரும்ப வைத்தேன். தெரியாத பாட்டை வைத்துப் பெட்டியை எடைபோட முடியாது.

மூன்றாம் நாள் அவர், “என்னங்க, பாடறவங்க மூச்சு வாங்கறது கூட கேக்குதுங்க” என்றார். எனக்கு அது கேட்கவில்லை. ஆனாலும் எட்டாம் நாள் அந்த அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன்.